சொகுசுக் கப்பல் பயணம்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அம்மாவுக்கு 71 வயது நடக்கும்போது அவரைக் கூட்டிக்கொண்டு கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் திரியெஸ்தே வரை ஒரு சிறிய சொகுசுக் கப்பலில் போனேன். அதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். பல வருடச் சேமிப்பை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் அவர்கள். அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். மத்தியதரைக் கடலை வைத்தே அதிகம் பேசுவேன். எனக்குப் பழகிய கடல் அது.

கப்பல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சொகுசு, அப்படித்தானே?

நேர்மாறு. 2024இல் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலின் அளவு 2,48,663 ஜி.டி. அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டால் 5,610 பயணிகள். சொகுசு வரிசையில் வரும் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் 55,254 ஜி.டி.தான், ஆனால் ஏறத்தாழ 750 பேர்தான் அதில் போகிறார்கள். ஜி.டி. என்பது எடை அல்ல, கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் அளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதல் கப்பலில் ஆளுக்கு 44, இரண்டாவதில் 73க்கு மேல். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு இந்த வித்தியாசத்துக்குத்தான் போகிறது. காலைச் சாப்பாட்டுக்கு வரிசை இல்லை, லிஃப்டுக்கு நிற்க வேண்டாம், நீச்சல் குளத்துப் பக்கம் நாற்காலிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டாம். மூன்றாம் நாள் பணியாளர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். காபி எப்படி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீர்ச்சறுக்கு, பனிச்சறுக்குத் தளம், இரவெல்லாம் ஆட்டம் பாட்டம் வேண்டும் என்றால் பெரிய கப்பலே உங்களுக்கு ஏற்றது. அதில் குறைவு ஒன்றும் இல்லை. சொகுசுக் கப்பலில் இரவு பத்தரை மணிக்கு மேல் மேல்தளத்தில் நாலு பேர்தான் இருப்பார்கள். அந்த அமைதி பிடிக்காதவர் அதற்குப் பணம் கட்டி ஏமாற வேண்டாம்.

எந்த நிறுவனம் நல்லது?

இந்த வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் செவன் சீஸ், எக்ஸ்ப்ளோரா, வைக்கிங். இவற்றில் பலதும் பெரிய குழுமங்களின் கையில் இருக்கின்றன. சில்வர்சீ ராயல் கரீபியனுடையது, சீபோர்ன் கார்னிவலுடையது, ரீஜென்ட் நார்வீஜியனுடையது, எக்ஸ்ப்ளோரா எம்.எஸ்.சி.யுடையது. அதனால் பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட கப்பலையும் அது போகும் வழியையும் பாருங்கள் என்றே சொல்வேன். சில்வர்சீயில் எல்லா அறைக்கும் பட்லர் உண்டு. வைக்கிங்கின் கடல் கப்பல்களில் சூதாட்ட அரங்கு கிடையாது, 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்ற மாட்டார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. பேரப்பிள்ளைகளோடு போக நினைக்கிற குடும்பத்துக்கு அங்கே கதவே மூடியிருக்கிறது.

இவ்வளவு காசு வாங்குகிறார்களே, எல்லாம் அதில் அடக்கம்தானா?

ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 600 முதல் 1,000 டாலர் வரை என்று பேச்சு ஆரம்பிக்கும். நல்ல அறை கேட்டால் அதற்கும் மேலே. வெறும் கட்டணத்தை மட்டும் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். சாதாரணக் கப்பலில் டிப்ஸ் தினமும் தனியாகச் சேரும். பானங்கள், நல்ல உணவகம், இணையம் எல்லாம் தனித்தனி. சொகுசுக் கப்பல்களில் சாப்பாடு, பானங்கள், டிப்ஸ் பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும்.

கரைச் சுற்றுலாவில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு. ரீஜென்ட்டில் பெரும்பாலான சுற்றுலாக்கள் அடக்கம். வைக்கிங்கில் துறைமுகத்துக்கு ஒன்று இலவசம். சீபோர்னில் தனிக் காசு. எட்டுத் துறைமுகம், இரண்டு பேர் என்றால் அந்தத் தனிக் காசு லேசாக லட்சத்தைத் தொட்டுவிடும். ஒப்பிடும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, இதையும் சேர்த்து எழுதிக் கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது விலை ஏறியும், ஏறியதாகத் தெரிந்தது நியாயமாகவும் மாறுவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

குடிக்கிற பழக்கம் இல்லாத குடும்பம் என்றால் ஒன்றை யோசிக்க வேண்டும். 'பானங்கள் அடக்கம்' என்பதன் பெரிய பங்கு ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும்தான். அதை நீங்கள் தொடப்போவதில்லை என்றால் அந்தப் பணம் உங்களுக்குப் பயன்படாது.

இந்தியாவில் ஏஜென்ட் வழியாக வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா?

வராது. ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லியாக வேண்டும். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். ஏறிய முதல் மாலையே சாப்பாட்டுக்கூடத்தின் மேற்பார்வையாளரைப் பார்த்து மறுபடி சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கும். சீஸர் சாலட்டின் கலவையில் நெத்திலி மாதிரி ஒரு சின்ன மீன் இருக்கும். குலுங்கும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைப்பது. தாய்லாந்து உணவு என்றால் மீன் சாஸ். இத்தனையையும் ஒரு சின்னத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்திருந்தேன். மறுநாளுக்கான மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, எதை எப்படி மாற்றித் தரலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். சிறிய கப்பலில் இது நடக்கிறது.

அங்கே ஒரு விஷயம் நடந்தது. நான்காம் நாள் முழுக்கக் கடலில். அம்மாவுக்கு ரொட்டியும் பாஸ்தாவும் சலித்துவிட்டது; வாய்விட்டுச் சொல்லவில்லை, தட்டில் மிச்சம் வைத்தார். பரிமாறுகிற பையன் கோவாக்காரன், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறான். மத்தியானம் ஒரு கிண்ணத்தில் தயிர் சாதம் வந்தது. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, மேலே மாதுளை முத்து தூவி. கெட்டியான கிரேக்கத் தயிரைப் பால் விட்டுத் தளர்த்தியிருந்தார்கள். பெருங்காயம் இல்லை. அம்மா சாப்பிட்டுவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். பிறகு மங்களூர்ப் பக்கத்துச் சமையல்காரர் வெள்ளைத் தொப்பியோடு வந்து, "எப்படி இருந்தது அம்மா?" என்றார். "நல்லா இருந்துச்சுப்பா. புளிப்புதான் பத்தல. ராத்திரி வெளியில வெச்சுடு, காலைல சரியாயிடும்" என்றார் அம்மா. அதுதான் முடியாதாம். சமைத்த எதையும் குளிர்பெட்டிக்கு வெளியே இவ்வளவு நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி, நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவார்களாம். இறங்கும் வரை தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம் வந்தது. எலுமிச்சை சில சொட்டு பிழிந்து புளிப்புக்கு வழி செய்திருந்தார்.

இந்தியச் சமையல்காரர் எல்லாக் கப்பலிலும் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் கோவா, மும்பை, கேரளத்துக்காரர்கள் இந்தத் தொழிலில் நிறையவே இருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

விசா எத்தனை எடுக்க வேண்டும்?

மொத்தப் பணமும் போகக்கூடிய இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கப்பல் எந்தெந்த நாட்டுக் கரையைத் தொடுகிறதோ அத்தனை நாட்டுக்கும் விசா கணக்குச் சரியாக இருக்க வேண்டும். நீங்கள் இறங்காமல் அறையிலேயே இருக்கப்போகிறேன் என்றாலும் பல நேரம் விசா கேட்பார்கள். இல்லாவிட்டால் ஏறுமிடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் திரும்பி வராது.

எங்கள் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரீஸ், பிறகு மாண்டினீக்ரோவின் கோட்டோர், பிறகு குரோஷியாவின் துப்ரோவ்னிக், முடிவில் இத்தாலி. கிரீஸும் இத்தாலியும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் கூட்டமைப்பு. குரோஷியா 2023 ஜனவரி 1இல்தான் ஷெங்கனில் சேர்ந்தது. மாண்டினீக்ரோ ஷெங்கன் இல்லை. அதாவது கோட்டோருக்குப் போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறி, துப்ரோவ்னிக்கில் மறுபடி நுழைகிறோம். ஒருமுறை நுழையும் விசா இங்கே செல்லாது. குறைந்தது இரண்டுமுறை நுழையும் விசா வேண்டும். பிரேயஸில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதிக்கு அவர்களுடைய ஏஜென்ட் ஒருமுறை விசாதான் எடுத்துக் கொடுத்திருந்தார். ஒரு மணி நேரம் கவுன்டரில் நின்று பேசிப் பார்த்தார்கள். கடைசியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார்கள். முப்பதாவது கல்யாண நாளுக்காக வந்தவர்கள். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விண்ணப்பிக்கும்போதே கப்பலின் வழித்தடத் தாளை இணைத்து, எத்தனை முறை நுழைகிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். விசா கையில் வந்ததும் நுழைவு எண்ணிக்கை இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். நாங்கள் போனபோது, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்ததால் மாண்டினீக்ரோவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. விதிகள் மாறுகிறவை; நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை கவுன்டரில் உதவாது.

அலாஸ்கா என்றால் அமெரிக்க விசா மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இடையில் வெளிநாடு எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவே பயணிகளைக் கொண்டுபோக முடியாது. அதனால் அந்தக் கப்பல்கள் கனடாவின் வான்கூவர், விக்டோரியா போன்ற துறைமுகம் ஒன்றில் நின்றுதான் போகும். கனடா விசாவும் வேண்டும்.

வழித்தடத்தில் 'ரோம்', 'வெனிஸ்' என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

கப்பல் ரோமுக்குப் போகாது. சுமார் 70 கி.மீ. தள்ளியிருக்கும் சிவிதாவெக்கியாவுக்குப் போகும். 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ துறைமுகம். 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர். அங்கிருந்து பாரிஸ் கிட்டத்தட்ட 200 கி.மீ. வெனிஸுக்கு 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 ஜி.டி.க்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் நடுவிலுள்ள சான் மார்க்கோ பக்கம் வரக் கூடாது என்று தடை. அதனால் 'வெனிஸ்' என்று அச்சிட்டிருப்பது திரியெஸ்தேவாகவோ ராவென்னாவாகவோ இருக்கலாம். சுமார் இரண்டு மணி நேர பஸ் பயணம். வழித்தடத்தில் ஊர்ப் பெயருக்கு அடியில் சின்ன எழுத்தில் துறைமுகத்தின் பெயர் இருக்கும். அதையும், கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதையும் பாருங்கள். காலை 8 முதல் மாலை 5 வரை ரோம் என்றால், பஸ்ஸும் சாப்பாடும் போக ஊரில் இருப்பது நாலைந்து மணி நேரம்.

சான்டோரினியில் கப்பல் கரையோரம் நிற்காது. நடுவில் மிதக்கும், டெண்டர் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். பழைய துறையிலிருந்து மேலே ஃபிரா ஊருக்கு ஏற கேபிள் காரோ கழுதையோ ஐந்நூற்றுச் சொச்சம் படிகளோதான் வழி. பெரிய கப்பல் இரண்டு சேர்ந்து வந்த நாளில் கேபிள் காருக்கு மணிக்கணக்கில் நிற்பார்கள். முட்டி வலி உள்ளவர்கள் கப்பலின் சுற்றுலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேறு துறைக்குப் படகில் கொண்டுபோய் பஸ்ஸில் மேலே ஏற்றிவிடுவார்கள். சான்டோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் 2025 முதல் கிரீஸ் அரசு கப்பல் பயணிகளிடம் கட்டணம் வாங்குகிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு 20 யூரோ. அது கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

காற்று பலமாக இருந்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவார். ஒப்பந்தத்தில் அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. பெரும்பாலும் துறைமுக வரி மட்டும்தான் திரும்ப வரும். ஒரே ஒரு ஊருக்காக மொத்தப் பயணத்தையும் எடுக்காதீர்கள்.

கோட்டோருக்குப் போகிறவர்கள் அன்று மட்டும் விடிவதற்கு முன் எழுந்துவிடுங்கள். கப்பல் விரிகுடாவுக்குள் மெல்ல நுழையும். வெரிகே என்ற இடத்தில் இரண்டு பக்க மலையும் நெருங்கி வந்து, 340 மீட்டர் அகல நீர்வழி மட்டும் மிச்சமிருக்கும். அதைத் தாண்டியதும் பெராஸ்ட் ஊருக்கு எதிரே இரண்டு குட்டித் தீவுகள். ஒன்றில் கரும்பச்சை சைப்ரஸ் மரங்கள். மற்றொன்றில் நீலக் குவிமாடம் வைத்த மாதா கோயில். அந்தத் தீவு இயற்கையானது அல்ல. உள்ளூர் மாலுமிகள் பல தலைமுறையாகக் கல்லைக் கொண்டுவந்து போட்டும் பழைய படகுகளை மூழ்கடித்தும் எழுப்பியது. இன்றும் ஜூலை 22 மாலை படகில் போய்க் கல் போடுகிறார்கள். மேல்தளத்தில் நாங்கள் பதினைந்து பேர்தான் இருந்தோம். இயந்திரச் சத்தம் அடங்கி, எங்கோ சேவல் கூவியது கேட்டது. அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, அந்தக் கோயிலைப் பார்த்துக் கைகூப்பினார்.

குமட்டுமா?

மே முதல் செப்டம்பர் வரை மத்தியதரைக் கடல் பெரும்பாலும் சாந்தம்தான். கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடலில் மட்டும் ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடகாற்று வீசும். கப்பலின் இரு பக்கமும் துடுப்பு போல் ஸ்டெபிலைசர்கள் நீண்டு உருளலைக் குறைக்கும். ஆனாலும் சிறிய கப்பல் பெரியதைவிட ஆடத்தான் செய்யும். பயம் இருந்தால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரிகிற மாதிரிதான். அது விலையும் குறைவு. அவோமின் மாதிரி மாத்திரையைக் குமட்டல் வந்தபிறகு போட்டால் பலன் குறைவு, முன்கூட்டியே போட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பா எடுத்துப்போங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், ஊர் ஊராக ஹோட்டல் மாறவேண்டாம் என்பதே அவர்களுக்குப் பெரிய வரம். சொகுசுக் கப்பலில் பயணிகள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள்தான். நடையின் வேகம், படிக்கட்டின் கைப்பிடி எல்லாமே அவர்களை மனதில் வைத்துத்தான் இருக்கும்.

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள், ஆனால் இலவசம் இல்லை. பில் டாலரில் அறைக் கணக்கில் ஏறும். இன்சூரன்ஸில் பிறகு நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பாலிசி எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: கப்பல் பயணத்துக்குச் செல்லுமா, ஏற்கெனவே உள்ள நோயால் வரும் சிக்கலையும் ஏற்குமா, நடுக்கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு எவ்வளவு வரை. மூன்றாவதில் தொகை குறைவாக இருந்தால் வேறு பாலிசி பாருங்கள். அந்தச் செலவு ஒரு வீட்டையே அடமானம் வைக்கச் செய்யும்.

மாத்திரைகளை இரண்டு பங்காக்கி, இரண்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். ஏறும் நாளில் பெட்டிகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும்.

கோட்டு சூட்டு கட்டாயமா?

முன்புபோல் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாலை உடைக்கு ஒரு விதி உண்டு, அதைப் படியுங்கள். பெண்களுக்குப் பட்டுப் புடவை எங்கேயும் பொருந்தும். மெல்லிய மைசூர் சில்க் இரண்டு போதும், காஞ்சிபுரத்தின் கனம் வேண்டாம்.

என்ன எடுத்துப் போகக் கூடாது?

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மின்சார அடுப்பு, குட்டி குக்கர் எதுவும் கூடாது. பரிசோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. அதே காரணத்தால் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் ஏற்ற முடியாது. அம்மா ஒரு சின்னப் படத்தை வைத்து, தோட்டத்துப் பூ இல்லாததால் மேசை மேலிருந்த பூச்சாடிப் பூவில் ஒன்றை எடுத்து வைத்துக் கும்பிட்டார். நான் போன கப்பல்களில் இலவசமாகத் துவைத்துக்கொள்ளும் அறை இருந்தது, இஸ்திரியும் அங்கேயே. அதனால் துணியைப் பாதியாகக் குறைக்கலாம்.

முதல் நாள் ஏதோ ஒத்திகை என்கிறார்களே, போகாவிட்டால்?

போயே ஆக வேண்டும். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பாதுகாப்பு ஒத்திகை அது. 2012 ஜனவரி 13 இரவு கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் இத்தாலியக் கரையில் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிதாவெக்கியாவில் ஏறியவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன்பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அவசரம் என்று பொருள். அறையிலிருந்து உங்கள் கூடுமிடத்துக்கு ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள்.

தனியாகப் போகலாமா? விலை எப்போது குறையும்?

போகலாம். ஆனால் கட்டணம் அறைக்கு இருவர் என்ற கணக்கில் இருப்பதால் தனியாளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, சில நேரம் முழுதாக இன்னொரு ஆளின் காசு. ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகள் அதிகம் வரும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கப்பல்கள் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம் மாறும் பயணங்களில் ஒரு இரவின் விலை நன்றாகவே இறங்கும். துறைமுகம் குறைவு, கடல் நாட்கள் அதிகம். புத்தகம் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பயணம் கிடையாது.

இறங்கும் நாள் எப்படி?

முந்தின இரவே பெட்டிகளில் வண்ணச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்துவதற்கான துணி, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் நான்கையும் எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். அறைக் கணக்கின் பிரதியை இரவே வாங்கிச் சரிபார்த்துவிட்டால் காலையில் ரிசப்ஷனில் நிற்க வேண்டாம். விமானத்தை மத்தியானம் ஒரு மணிக்கு முன் போடாதீர்கள். ஏறுமிடத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து தங்குங்கள். சென்னையிலிருந்து துபாயோ தோஹாவோ மாறிப் போகிற விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.